பூங்காவில் எடுத்த செப்புச் சதம்

பெரியமாமா அந்த இயந்திரத்தை வாங்கிக்கொண்டு வந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை. நீளமான ஒரு தடி, அதன் நுனியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டத் தட்டு, பிடிக்கும் இடத்தில் சின்னப் பெட்டி, பெட்டியிலிருந்து தொங்கும் ஒரு வயர். மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. ஞாயிறு சந்தையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் விற்றாராம். பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் பழைய காசு தேடித் திரிவது இந்த நாட்டில் ஒரு பொழுதுபோக்கு என்பதையும் அவரே மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். இப்படியொரு பொழுதுபோக்கு இருக்கும் என்பதை அம்மாவால் நம்பவே முடியவில்லை. ஊரில் சோதனைச் சாவடியில் இதே மாதிரி ஒன்றைத்தான் அவருடைய பையின் மேலும் சேலையின் மேலும் ஓடவிட்டிருந்தார்கள்.

"உது ஆமிக்காரன்ர சாமான். வெளியில வை" என்றுவிட்டு அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

அப்பா கராஜ் கதவைத் திறந்துவிட்டார். வேலை தேடச் சொன்னால் வெடி தேடுவதற்குச் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே மச்சான் என்று கேட்டார். மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மெல்பேர்னில், டண்டினோங் பகுதியில், இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு இரண்டு தம்பிமார். சண்டைக்குத் தப்பி இருவரும் ஒன்றாகத்தான் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். கடல்நீரேரியைப் படகில் கடக்கும்போது தாக்குதல் நடந்தது. கொழும்புக்கு வந்து, விசா எடுத்து, மெல்பேர்ன் விமானநிலையத்தில் வந்து இறங்கியவர் பெரியமாமா ஒருவர்தான். சின்னமாமா எங்கே என்று அம்மா விமானநிலையத்திலேயே கேட்டார். "இருட்டுக்குள்ள பிரிஞ்சிட்டம் அக்கா. பிறகு காணேல்ல." பிறகு எத்தனையோ விதமாக, எத்தனையோ நேரங்களில் கேட்டுப் பார்த்தார். அதே இரண்டு வசனம்தான் வந்தது. சின்னமாமா எங்கோ பிடிபட்டு இருக்கிறார், கடிதம் போட வசதியில்லாத இடத்தில் இருக்கிறார் என்று அம்மா தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ரெலிபோன் மணியடித்தால் மா பிசைந்த கையோடு ஓடுவார்.

அந்தத் தாக்குதலில் பெரியமாமாவின் இடது காது முழுதாகப் போயிருந்தது. வலது காதும் மெல்லிய சத்தங்களைப் பிடிக்காது. அவர் வாங்கிய இயந்திரத்திலோ ஒலிபெருக்கி பழுது. காதில் மாட்டும் கருவியில் மட்டும்தான் சத்தம் வரும், அதுவும் மெல்லியதாக. இதை அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தார். காது கேளாதவர் காதால் தேடும் இயந்திரத்தை வாங்கியிருக்கிறார் என்று அப்பா இரண்டு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் வாழ்க்கையின் முதல் உத்தியோகம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவர் போனதும் நாங்கள் இரண்டு தெரு தள்ளியிருந்த பூங்காவுக்குப் போவோம். மாமா தடியைப் புல்லின் மேல் இடமும் வலமுமாக மெதுவாக வீசிக்கொண்டு நடப்பார். நான் என் தலைக்குப் பெரிதான அந்தக் காதுக்கருவியை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, வயர் எட்டும் தூரத்துக்குள், கயிற்றில் கட்டிய கன்று போலப் பின்னால் போவேன். சத்தம் வந்தால் அவருடைய சட்டையை இழுக்கவேண்டும். இன்று என் மகனை யாராவது இப்படி அழைத்துப்போனால் உடைந்த போத்தல், ஊசி, பாம்பு, வெயில் என்று நான் என்னவெல்லாம் சொல்லித் தடுப்பேன் என்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு ஒரு தொப்பிகூட யாரும் போட்டுவிடவில்லை.

புல் வெட்ட வரும் ஆளிடம் மாமா முறையாகக் கேட்டிருந்தார். ஆழமாகத் தோண்டக்கூடாது, கிளறிய இடம் தெரியக்கூடாது, அவ்வளவுதான் என்று அவர் சொல்லிவிட்டார். மாமா புல்லை ஒரு சின்ன வட்டமாகக் கீறி, மூடியைத் திறப்பதுபோல மடித்துவைப்பார். வேலை முடிந்ததும் மூடி, கையால் தட்டி, மேலே கொஞ்சம் தண்ணீரும் தெளிப்பார். எழுந்து பார்த்தால் எங்கே வெட்டினோம் என்று எங்களுக்கே தெரியாது.

அந்தச் சத்தங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆணி என்றால் உறுமல் மாதிரி உடைந்து உடைந்து வரும். சோடா தகரத்தின் வளையம் ஒரு கீச்சு. காசு மட்டும் வேறு. மணியின் நாக்கு ஒரே ஒருமுறை தொட்டுவிட்டு விலகியது போல உருண்டையான, சுத்தமான ஒரு சத்தம். அது கேட்கும்போது என் முதுகுத்தண்டு கூசும். பூங்காவில் அத்தனை பேர் இருந்தார்கள். நாயோடு நடந்தார்கள், பந்து உதைத்தார்கள், சோசேஜ் சுட்டார்கள். மண்ணுக்குள் இருந்து ஒன்று கூப்பிடுவது எனக்கு மட்டும் கேட்டது. பக்கத்தில் நின்ற மாமாவுக்கும் கேட்கவில்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முதலில் கிடைத்த நல்ல காசு ஒரு பழைய பென்னி. ஒரு பக்கம் கங்காரு, மறுபக்கம் ஒரு ராசா. மாமா அதை நல்லெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தந்தார். இந்த ராசா செத்துப் பல வருடம், இது யாரோ ஒருவருடைய பொக்கற்றிலிருந்து விழுந்து அத்தனை காலமும் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது என்றார். பையன்கள் அந்த இடத்தின் மேல்தான் தினமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு சில நாட்கள் நான் புல்லில் அழுத்திக் கால் வைக்கவில்லை. கீழே யார் இருக்கிறார்களோ என்ற பயமும் மரியாதையும். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் வட்டமாக இருந்து மதியச்சாப்பாடு சாப்பிடும்போது, எனக்குக் கீழே பூமி முழுவதும் சாமான்கள் நிறைந்த ஒரு பெரிய அலுமாரி போலத் தெரிந்தது.

பூங்காவின் நடுவில் ஒரு பெரிய மரம் நின்றது. ஊர் ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். பலகை பலகையாக எழும்பிய வேர்கள், ஒரு வீட்டையே மூடக்கூடிய நிழல். வேருக்குள் தோண்டினால் மரத்துக்குக் கூடாது என்பதால் மாமா அந்தப் பக்கம் தடியை இறக்குவதில்லை. ஒரு சனிக்கிழமை நிழலுக்காக அங்கே ஒதுங்கினோம். தடியை மாமா மரத்தில் சாய்த்துவைக்கப் போகும்போது, தட்டு இரண்டு வேர்களுக்கு நடுவில் ஒரு கணம் தாழ்ந்தது.

அந்த மணிச்சத்தம் கேட்டது. அதுவரை கேட்டதிலெல்லாம் தெளிவான சத்தம். நான் சட்டையை இழுக்க மறந்துபோனேன்.

நாலு விரல் ஆழம்கூட இல்லை. மாமாவின் உள்ளங்கையில் ஒரு சின்ன வட்டம் பச்சை பிடித்துக் கிடந்தது. அதில் ஒட்டியிருந்த நார்களை வேர் என்று நினைத்து அவர் ஊதித் தள்ளினார். போத்தல் தண்ணீரில் கழுவி, சூரியனுக்கு நேரே பிடித்தார். ஒரு பக்கம் முழுவதும் அரித்துப்போயிருந்தது. மறுபக்கத்தில், நடுவில், ஒரு மரம். உயரமான தண்டு, உச்சியில் விசிறி விசிறியாக ஓலை. அதன் பக்கத்தில், தேய்ந்தும் தேயாமலும், 'ச' என்ற எழுத்து.

மாமா அந்த இடத்திலேயே புல்லில் இருந்துவிட்டார். "பிள்ளை, இது தமிழ்" என்றார். நானும் பார்த்தேன். சனிக்கிழமைப் பின்னேரத் தமிழ் வகுப்பில் நான் எழுதிப் பிழைவிடும் அதே 'ச'. அவுஸ்திரேலிய மண்ணுக்குக் கீழே கிடந்தது. நான் அதற்கு முன்னும் பின்னும் பல அதிசயங்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் போல ஒன்றை வேறெப்போதும் பார்க்கவில்லை.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. தமிழ் வகுப்பு நடத்தும் அங்கிள் பூதக்கண்ணாடியோடு வந்தார். ஊரில் அதிபராக இருந்தவர், எல்லோருக்கும் அவர் மாஸ்டர். இன்னும் இரண்டு குடும்பங்கள் வந்தன. அப்பா தேத்தண்ணி ஊற்றி, கடையில் வாங்கிய ரோல்ஸைப் பரப்பினார். காசு நடு மேசையில் ஒரு வெள்ளைச் சோசரில் இருந்தது. மாஸ்டர் கண்ணாடிக்குள்ளால் நெடுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பனை. தமிழ் எழுத்து. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? வெள்ளைக்காரன் வர முதலே எங்கட ஆக்கள் கப்பல்ல வந்திட்டினம்."

"வந்து என்ன செய்தவை மாஸ்டர்? ஒரு காசை மரத்தடியில போட்டிட்டுத் திரும்பிப் போட்டினமோ?" என்று அப்பா கேட்டார்.

மாஸ்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. சோழர் காலம் என்றார். பல்கலைக்கழகத்துக்கு எழுதவேண்டும் என்றார். இலங்கையின் பழைய காலத்துச் செப்புச் சதங்களில் பனை போன்ற அந்த மரம்தான் இருந்தது என்பதும், மாஸ்டர் தன் சிறுவயதில் அதே காசைக் கொடுத்துத்தான் கடலைமுட்டாசு வாங்கியிருப்பார் என்பதும் பிற்பாடு எனக்குத் தெரிந்தபோது, அவர் மேல் எனக்கு ஏளனம் வரவில்லை. ஒரு மனிதர் எவ்வளவு ஆசைப்பட்டால் தன் கையால் தொட்ட காசையே மறப்பார். அன்று அந்த அறையில் இருந்த எல்லோருடைய முதுகும் கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. ஆங்கிலம் சரியாகப் பேசத் தெரியாமல் பஸ்ஸில் தலைகுனிந்து போய்வந்தவர்கள் எல்லோரும், இந்த நாட்டுக்கு முதலில் வந்தவர்களின் சொந்தக்காரராக ஆகிவிட்டிருந்தார்கள். இங்கே ஆதியிலிருந்து வாழ்ந்த மக்களைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அம்மா வேலை முடிந்து வந்தார். வாசலில் அத்தனை சப்பாத்துகளைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. சின்னமாமாவைப் பற்றி ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான்தான் சோசரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். எனக்குத்தான் முதலில் கேட்டது என்றும் சொன்னேன்.

அம்மா காசை எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

"எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"பார்க்கில. அந்தப் பெரிய மரத்துக்குக் கீழ" என்றேன்.

"அது என்ர" என்றார் அம்மா.

மாஸ்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "என்ன தங்கச்சி, உங்கடையோ?" என்றார்.

"ஓம் மாஸ்டர். நான் வச்சது."

தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். வாசலில் சப்பாத்துப் போடும் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் பூதக்கண்ணாடியை அதன் உறையில் போடுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

தம்பிமார் இரண்டு பேரும் புறப்பட்டுவிட்டார்கள், அதன் பிறகு தகவல் இல்லை என்று ஊரிலிருந்து செய்தி வந்த அன்று அம்மா காசு முடிந்து நேர்ந்திருக்கிறார். திருநீற்றுப் பையோடு ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய செப்புச் சதம் ஒன்று, மஞ்சள் துணியில். வேலைக்குப் போகும் வழியில் நின்ற அந்த மரம் அவருக்குப் பிள்ளையார் இருக்கக்கூடிய மரமாகத் தெரிந்தது. த பேசின் என்ற இடத்தில் கோயில் இருந்தது, ஆனால் எங்களிடம் கார் இல்லை. முதலில் துணியைக் கிளையில்தான் கட்டியிருக்கிறார். புல் வெட்டுகிறவர்கள் குப்பையென்று அவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். கீழே கிடந்ததைத் தேடி எடுத்து, வேருக்கு நடுவில் புதைத்துவிட்டார். இரண்டு பேரும் வந்து சேர்ந்தால் எடுத்துக்கொண்டுபோய் ஊர்ப் பிள்ளையாருக்குப் போடுவதாக வேண்டுதல். இதையெல்லாம் அம்மா அன்று பின்னேரம், காசை மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார். பெரியமாமா சுவரோரம் நின்றார். தன் உயிருக்காக முடிந்துவைத்த காசைத் தானே கிண்டி எடுத்துவிட்ட மனிதரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அது ஒரு பெரிய மந்திரவித்தை போலத் தோன்றியது.

அதில் என்ன, நாளைக்கே திருப்பி வைத்துவிட்டு வரலாமே என்றார் அப்பா.

"ஆள் உயிரோட இல்லையெண்டா நேந்த காசை வச்சிருக்கக் கூடாது. கடல்லதான் போடவேணும்" என்றார் அம்மா. "வைக்கலாமோ எண்டு தம்பி சொல்லட்டும்."

மாமா கராஜுக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை அம்மா, மாமா, நான் மூன்று பேரும் பூங்காவுக்குப் போனோம். எடுத்த இடத்தைச் சரியாகக் காட்ட நான் வேண்டும் என்று அம்மா சொன்னார். நான் இயந்திரத்தையும் எடுத்துவரச் சொல்லி அடம்பிடித்திருந்தேன். புல்லில் பனி இருந்தது. அம்மா புது மஞ்சள் துணியில் முடிந்த காசைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவின் இடப்பக்கத்தில் நின்று, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இதைத் திருப்பி வைக்கட்டோ?"

மாமா மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது கேளாத காது, அதனால் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, நான் அவருடைய சட்டையை இழுத்தேன். அவர் திரும்பவில்லை. அம்மா அவரைச் சுற்றி வந்து, வலப்பக்கத்தில், காதுக்கு நெருக்கமாக நின்று இன்னொரு முறை கேட்டார். அதே சொற்கள்.

"வையுங்கோ அக்கா" என்றார் மாமா.

போன மாதம் என் மகனுக்கு ஆஸ்துமா கடுமையாகி, மூச்சுக்கு இயந்திரம் பூட்டிவைத்திருந்தார்கள். இப்போது கிரான்பர்னில், வீட்டில், பக்கத்து அறையில் இருக்கிறான். பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டான். ஆனாலும் குளியலறையில் சற்று அதிக நேரம் இருந்தான் என்றால் நான் போய்க் கதவைத் தட்டுகிறேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பெரியமாமா ரயிலேறி வந்து தாழ்வாரத்துக் கதிரையில் என்னோடு இருந்தார். தலை முழுதும் நரைத்துவிட்டது. இரண்டு காதிலும் இப்போது கருவி. டாக்டர்மார் வந்து நல்ல வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்பதை நான் விரைவிலேயே விட்டுவிட்டேன். தாதி என் மகனின் போர்வையை எப்படி இழுத்துவிடுகிறாள், குழாயைத் தொடும்போது அவளுடைய விரல் அவசரப்படுகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள்தான் எனக்கு உண்மை சொல்லின.

அப்படி இருந்த ஒரு பின்னேரம்தான் மாமா, நான் ஒன்றும் கேட்காமலே, சொன்னார்.

"அண்டைக்கு மரத்தடியில அக்கா என்னைக் கேட்டவா. நான் பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை. சின்னவன் படகிலயே முடிஞ்சிட்டான். கரையில குழி கிண்டி நான்தான் அவனைத் தாட்டனான். மண்வெட்டி ஒண்டும் இல்லை, கையாலதான்." பிறகு, "அக்கா சாகும் வரைக்கும் தெரியாமலே இருந்திட்டா. அதுவரையில நிம்மதி" என்றார்.

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலைநேரம் முழுவதும் அப்போதுதான் எனக்கு மறுபடி தெரிந்தது. ஆனால் தெரிந்ததை அவருக்குச் சொல்லவில்லை. இத்தனை வருடம் அக்காவைக் காப்பாற்றிவிட்டதாக நம்பியிருக்கும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

அன்று மரத்தடியில் மாமா மண்டியிட்டுத் தோண்டத் தொடங்கினார். நாலு விரல் ஆழத்தில் எடுத்த காசு. அந்த ஆழம் வந்ததும் அம்மா கையை நீட்டினார். மாமா நிறுத்தவில்லை. ஒரு சாண் போனது. "காணும் தம்பி, இந்த ஆழம் போதும்" என்றார் அம்மா. மாமா மண் கிளறும் கைக்கரண்டியை அப்பால் வைத்துவிட்டுக் கையால் மண்ணை அள்ளத் தொடங்கினார். நகங்களுக்குள் மண் ஏறியது. முழங்கை மறைந்தது. பிறகு தோள் நிலத்தில் முட்டும் வரை, கன்னத்தைப் புல்லில் வைத்துக்கொண்டு, அள்ளினார். ஆழமாகத் தோண்டக்கூடாது என்று புல் வெட்டுகிறவர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். மாமா அள்ளிக்கொண்டே இருந்தார். அம்மா அவருக்கு மேலே நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் பார்த்தார். இன்னொரு முறை 'காணும்' என்று சொல்லவில்லை. பிறகு தானே குனிந்து, காசைக் குழிக்குள் விட்டு, முதல் பிடி மண்ணை அவரே போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் ரெலிபோன் அடித்தால் அம்மா ஓடிப்போகவில்லை, நான்தான் எடுத்தேன்.

எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான் இருந்தது. வேறு யாராவது இதே மாதிரி ஓர் இயந்திரத்தோடு வந்து அம்மாவின் காசை எடுத்துப் போய்விடுவார்களோ என்ற கவலை. மாமா புல்லை மூடித் தட்டியதும், நான் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, தடியை நானே இரண்டு கையாலும் தூக்கி, அந்த இடத்தின் மேல் மெதுவாகக் கொண்டுபோனேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்னொருமுறை கொண்டுபோனேன். அவ்வளவு பெரிய அமைதியை நான் அந்தக் கருவிக்குள் கேட்டதேயில்லை.

கருவியைக் கழற்றிவிட்டு இருவரையும் பார்த்து, நல்ல செய்தி சொல்லும் சந்தோஷத்தோடு சொன்னேன்: "அம்மா, ஒண்டும் கேக்கேல்ல."